விட்டத்தில் நின்ற காளை

பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பாக வீடு முழுவதையும் ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்யும் வழக்கம் எங்கள் கொங்கு நாட்டில் இன்னும் விட்டுப்போகவில்லை. இவ்வருஷம் அப்படி அட்டாலியைக் காலி செய்தபொழுது, பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால் துருவேறிய தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டது. மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்த மாத்திரத்தில் காடியின் புளிப்பு நெடி மூக்கில் ஏறிற்று. உள்ளே விரல் நீளத்துக்கு வெட்டிய சினிமாப் பிலிம் துண்டுகள், சில சுருண்டும் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும், நிறம் மங்கிக் கிடந்தன. அஸிடேட்டினால் ஆன பழைய பிலிம், வெப்பமும் ஈரமும் பட்டு நாளடைவில் சிதையும்பொழுது அஸெடிக் அமிலத்தை வெளிவிடும் என்பதும், காடிக்குப் புளிப்பைக் கொடுப்பது அந்த அமிலந்தான் என்பதும் பழைய படங்களைப் பாதுகாப்பவர்கள் நன்கு அறிந்த விஷயம். எனக்கோ அந்த நெடியோடு பினாயிலும் ஸ்பிரிட்டும் கொதித்த பாலும் கலந்த வேறொரு வாசனை சேர்ந்து எழுந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் நீண்ட வார்டில், ஒரு காலைக் கயிற்றில் கட்டியபடி மல்லாந்து படுத்து, சுண்ணாம்பு அடித்த உயர்ந்த விட்டத்தையே பார்த்துக்கொண்டு கழித்த என் பால்யத்தின் சில வாரங்கள் அப்படியே திரும்பி வந்தன.

கோவையில் வானொலி நிலையம் ஏற்பட்டு அதிக காலம் ஆகாத சமயம் அது. 1966-ஆம் ஆண்டில் வானொலி நிலையமும், அதே ஆண்டில் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டபடியால், இனிமேல் எதற்கும் மதராஸுக்கு ஓட வேண்டியதில்லை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் பெருமையோடு பேசிக்கொள்வார்கள். பல்லடத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் தோட்டத்துப் புளியமரத்திலிருந்து விழுந்து நான் வலது தொடையெலும்பை முறித்துக்கொண்டபொழுது, கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் சிங்கிரிபாளையத்துக்குக் கொண்டுபோய் நாட்டுக் கட்டுப் போட்டுவிடலாம் என்றுதான் என் பாட்டனாரான அப்பாரு முதலில் சொன்னார். பஞ்சாலையில் வேலை பார்த்து நகரத்துப் பழக்கங்களை அறிந்திருந்த என் தகப்பனார், "பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிரலாமுங்கய்யா, எலும்பு ரெண்டாப் போயிருக்குதுங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி, கயிற்றுக் கட்டிலோடு என்னை ஒரு பருத்தி லாரியில் ஏற்றினார்.

அந்நாளில் குழந்தைகளின் தொடையெலும்பு முறிந்தால், காலின் இரு பக்கமும் பிளாஸ்திரியை ஒட்டி, அதன் நுனியில் கட்டிய கயிற்றைக் கப்பியின் மேலாகக் கொண்டுபோய், மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கற்களை அடுக்கி உயர்த்திவிடுவார்கள். உடம்பின் பாரமே எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருக்க, தசைகளின் இறுக்கம் மெள்ளத் தளர்ந்து எலும்பு நேர்பட்டுக் கூடிவரும். கூடிவரும் மட்டும் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். இன்று அதே எலும்புக்குள் வளைந்து கொடுக்கும் டைட்டானியம் கம்பிகளைச் செலுத்தி, பெரும்பாலான குழந்தைகளைச் சில தினங்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வைத்தியம் அடைந்திருக்கும் இந்த அபிவிருத்தியைக் காணும்பொழுதெல்லாம் என் மனம் நிறைந்துபோகிறது.

ஆண்கள் வார்டு ஆகையால் இரவில் பெண்கள் தங்குவதற்கு அனுமதி இல்லை. மாலையில் மணி அடித்ததும் என் தாயார் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, "காத்தால வந்துருவேன் கண்ணு, அழுகாமத் தூங்கோணும்" என்று சொல்லிவிட்டு, வாசற்படி வரையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள். அந்த விதி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர், தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் முகம் நாளுக்கு நாள் எப்படி மாறிற்று என்பதை அப்படியே படம் பிடித்து 1952-இல் டாக்டர்களுக்குக் காட்டினார். முதலில் அதை நம்ப மறுத்தவர்களும் உண்டு. 1959-இல் பிளாட் கமிட்டியின் அறிக்கை வெளிவந்து, பெற்றோர் எந்நேரமும் குழந்தையோடு இருக்கலாம் என்றும், ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு விளையாட்டும் கல்வியும் வேண்டும் என்றும் சிபாரிசு செய்த பிறகுதான் அங்கே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் வார்டுக்கு அந்த அறிக்கை வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆனால் வேறொருவர் வந்து சேர்ந்தார்.

எனக்கு அடுத்த கட்டிலில், மார்பிலிருந்து ஒரு கால் முழுவதும் மாவுக்கட்டுப் போட்ட பையன் ஒருவன் இருந்தான். இடுப்பு மூட்டில் காசநோய். பெருந்துறை சானடோரியத்தில் சில காலம் இருந்துவிட்டு வந்தவன் என்று சொன்னார்கள். நானாவது கழுத்தைத் திருப்பிச் சன்னலைப் பார்க்கலாம். அவனுக்கு விட்டத்தைத் தவிர வேறு காட்சி கிடையாது. விட்டத்து உத்திரங்களை அவன் எண்ணி முடித்துவிட்டான், பல்லிகளுக்குப் பெயர் வைத்துவிட்டான், அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தான். அவனுடைய தகப்பனார் நகரத்துத் தியேட்டர் ஒன்றில் ஆப்பரேட்டர். மாட்டினி ஆட்டத்துக்கு முன்பாகக் காலை வேளையில் வந்து, மகன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஒரு நாள் அவர் செருப்பு டப்பா ஒன்றையும், துணியில் சுற்றிய ஏதோ சாமான்களையும் கொண்டுவந்தார்.

அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். பியூஸ் போன பல்பு ஒன்றின் அடிப்பாகத்தைக் கழற்றி, உள்ளே இருந்த கம்பிகளை ஜாக்கிரதையாக எடுத்துவிட்டு, வாய் வரையில் தண்ணீர் நிரப்பி மெழுகால் அடைத்திருந்தார், அதுதான் லென்ஸ். டப்பாவின் இரு பக்கமும் துவாரம் போட்டு, பல்பை ஒரு துவாரத்துக்கு நேராக உட்கார வைத்தார். வராந்தாவில் வெயில் விழும் இடத்தில் முக்காலி போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை அதன் மேல் சாய்த்து, சூரிய ஒளியை வாசல் வழியாக உள்ளே திருப்பினார். சன்னல்களில் சிவப்புக் கம்பளிகளைத் தொங்கவிட்டு வார்டை இருட்டாக்கினார்கள். டப்பாவுக்குள் பிலிம் துண்டைத் தலைகீழாகச் செருகி, லென்ஸின் வழியே வெளிவந்த ஒளியை இன்னொரு சிறு கண்ணாடியால் மேலே திருப்பியதும், மீசை வைத்த ராஜா ஒருவருடைய முகமும், அவருக்குப் பின்னால் பாதித் தோட்டமும், பழுப்பு நிறத்தில் விட்டத்தின் மேல் ஆடி அசைந்து நின்றன. மாவுக்கட்டுக்குள் கிடந்தவன் வெகு நாட்களுக்குப் பிறகு வாய் திறந்து, "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கமா நகத்துங்க" என்றான்.

ஸிஸ்டர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். சினிமாப் பிலிம் என்றால் பற்றி எரியும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்தப் பயம் ஆதாரமற்றதும் அன்று. நைட்ரேட்டினால் ஆன பழைய பிலிமில் ஒரு பொறி விழுந்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. 1950-களின் தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டு, எளிதில் தீப்பிடிக்காத அஸிடேட் பிலிமுக்கு உலகம் மாறிற்று. ஆப்பரேட்டர் எழுந்து நின்று, "பயப்படாதீங்க ஸிஸ்டரம்மா, ஓரத்துல என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க" என்று துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். துவாரங்களுக்கு வெளியே, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்துக்களில், ‘சேஃப்டி’ என்று இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. ஸிஸ்டர் அதைப் படித்தார். பிறகு மாவுக்கட்டுப் பையனுடைய முகத்தைப் பார்த்தார். டிரஸ்ஸிங் முடிந்த பிறகு அரை மணி நேரம் மட்டும் என்று உத்தரவு கொடுத்தார்.

வெயிலையும் கண்ணாடியையும் கொண்டு படம் காட்டும் அந்த வித்தை தமிழ்நாட்டுச் சிறுவர்கள் அனைவருக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்ததுதான். ஆனால் கோயமுத்தூரில் அது மண்ணோடு ஊறிய வித்தை என்று சொல்லலாம். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்ஸென்ட், 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்று இன்றும் வழங்கும் தெருவுக்குப் பெயர் கிடைத்தது அதனால்தான். அதன் பின் சென்ட்ரல் ஸ்டூடியோவும், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவும் எழுந்து, நூற்பாலைச் சங்கோடு சினிமாவும் இந்நகரத்தின் அன்றாட வாழ்வில் கலந்துவிட்டது. அறுந்த ரீலை ஒட்டும்பொழுது வெட்டி எறிந்த துண்டுகள் தியேட்டர் வாசலில் கிடைக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் அவை பலப்பத்துக்கும் கோலிக்கும் ஈடாகக் கை மாறும்.

காட்டியதைப் பார்ப்பது சில நாட்களில் சலித்துவிட்டது. ராஜா தினந்தோறும் அதே முகத்தோடு அதே பாதித் தோட்டத்தின் முன்னால் நின்றால் குழந்தைகளுக்கு அலுக்காதா? ஆப்பரேட்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். மறு வாரம் உருவம் எதுவும் இல்லாத கரிய பிலிமை முழக்கணக்கில் கொண்டுவந்து, எங்களுக்குத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, "இதுல நீங்களே கீறிக் குடுங்க, நான் காட்டறேன்" என்றார். ஸிஸ்டர் தம் வெள்ளைக் குல்லாயைத் தாங்கிக்கொண்டிருந்த கொண்டை ஊசிகளில் ஒன்றை உருவி என்னிடம் கொடுத்தார். கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான அந்தக் கட்டத்துக்குள், மூச்சை அடக்கிக்கொண்டு, எங்கள் தொழுவத்துக் காங்கேயம் காளையைக் கீறினேன். திமிலை ஒரே வளைவில் கொண்டுவந்துவிட்டேன், கொம்புதான் வரவில்லை. துண்டை டப்பாவில் செருகியதும் விட்டத்தின் நடுவில், கட்டிலைவிட அகலமாக, வெயிலின் வெண்மையே கோடுகளாகி, என்னுடைய காளை நின்றது. மூலைக் கட்டிலில் குடல் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்த ஒரு பெரியவர், "யாரு கண்ணு போட்டது, சுழி சுத்தமான மாடாட்டம் இருக்குதே" என்று உரக்கக் கேட்டார். அந்த வார்த்தையைக் கேட்ட சிறுவன் அதற்கப்புறம் தன்னைக் கால் முறிந்தவனாக எண்ணவில்லை.

மாவுக்கட்டுப் பையன் ஆட்டையோ மாட்டையோ வரையவில்லை. புள்ளிகளாகவே குத்தினான். விட்டத்தில் அது நட்சத்திரம் இறைந்த வானமாகத் தெரிந்தபொழுது வார்டு முழுவதும் சிறிது நேரம் மௌனமாக இருந்தது. அதன் பிறகு முறை வைத்துக்கொண்டோம். இன்றைக்கு யாருடைய படம், நாளைக்கு யாருடைய படம் என்பது காலையில் டெம்பரேச்சர் பார்க்கும் வேளையிலேயே தீர்மானமாகிவிடும். புண்ணைக் கழுவும்பொழுது கத்திக் கூரையைப் பெயர்க்கும் ஒரு சிறுவன், தன் முறை வரும் நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு, மனத்துக்குள் எதையோ வரைந்துகொண்டிருப்பது முகத்தில் தெரியும்.

வெகு காலத்துக்குப் பின்பு, ஓவிய ஆசிரியனாக நான் உத்தியோகம் பார்த்த நாட்களில், நார்மன் மெக்லாரன் என்னும் கலைஞர் கனடா தேசத்துப் படச்சபையில் இருந்துகொண்டு, காமிராவே இல்லாமல், பிலிமின் மேல் நேரடியாக வரைந்தும் கீறியும் உலகப் புகழ் பெற்ற படங்களை உண்டாக்கினார் என்பதைப் படித்தேன். எங்கள் ஆப்பரேட்டர் அவருடைய பெயரைக் கேட்டிருக்க நியாயம் இல்லை. தம் பிள்ளைக்கு விட்டத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை என்ற ஒரே துயரம் அவரையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

பகலுக்கு ஆப்பரேட்டர் என்றால் இரவுக்கு இன்னொருவர் இருந்தார். தம்பியின் முறிந்த முழங்காலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு முதியவர், காங்கேயத்துப் பக்கத்து உடுக்கைப் பாட்டுக்காரர். வார்டில் உடுக்கை அடிக்க முடியுமா? விளக்கைத் தணித்த பிறகு, எங்கள் கட்டில்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, தூக்குப்போசி மூடியை விரல் நுனியால் தட்டிக்கொண்டு, அடிக்குரலில் அண்ணன்மார் கதையை எடுப்பார். குன்னுடையார் பட்ட கஷ்டமும், தாமரை செய்த தவமும், பொன்னரும் சங்கரும் பிறந்து வளர்ந்த விதமும் ஒவ்வோர் இரவாக விரியும். கொம்பன் என்னும் காட்டுப் பன்றி புறப்படும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, "அது எந்தக் காட்டு வழியா வந்திருக்கும், நீங்க சொல்லுங்க சாமி" என்பார். நாங்கள் ஆளுக்கு ஒரு வழி சொல்வோம். எங்கள் ஊர்ப் பள்ளத்தையும் வாய்க்காலையும் சொல்வோம். அடுத்த இரவில் கொம்பன் எங்கள் ஊர்ப் பள்ளத்தைக் கலக்கிக்கொண்டுதான் வருவான். பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு அம்மையார் 1965 வாக்கில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, இதே கதையைப் பாட்டுக்காரர் ஒருவர் பாடப் பாட முழுவதும் ஒலிப்பதிவு செய்தார் என்பதும், பின்னாளில் அதை 26 பகுதிகள் கொண்ட சித்திரப் படமாகவும் கொண்டுவந்தார் என்பதும் எனக்குப் பெரியவனான பிறகு தெரியவந்த சங்கதிகள்.

படிப்பதற்கும் குறைவில்லை. அட்டை கிழிந்த அம்புலிமாமாக்கள் கட்டில் விட்டுக் கட்டிலாகப் பிரயாணம் செய்யும். என்னைப் பார்க்க வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார், மொடக்குறிச்சிப் பக்கத்தவரான பெரியசாமித் தூரன் பதிப்பித்து 1968-இல் வெளிவரத் தொடங்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை, பள்ளி நூலகத்திலிருந்து தம் சொந்தப் பொறுப்பில் எடுத்துவந்து, சில நாட்கள் என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். கொங்கு நாட்டிலே பிறந்த ஒருவர் தமிழ்க் குழந்தைகளுக்காகப் பத்துத் தொகுதிகள் கொண்ட அந்த மகத்தான காரியத்தைச் சாதித்தார் என்பதை எண்ணும்பொழுது இப்பொழுதும் எனக்குக் கண் கலங்குகிறது.

எலும்பு கூடி, கோலூன்றி நடந்து வீடு திரும்பினேன். புறப்படும் நாளில் ஆப்பரேட்டர் எனக்குக் கொடுத்த துண்டுகள்தாம் அந்தத் தகரப் பெட்டியில் இருப்பவை.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், உறவினர் குழந்தை ஒன்றுக்கு இரத்தப் புற்று கண்டு சிகிச்சை தொடங்கியபொழுது, துணைக்கு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போய்வர ஆரம்பித்தேன். அந்தக் குழந்தை தேறிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. நான் போவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமை தோறும் வர்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு அந்தப் பிரிவுக்குப் போகிறேன். என் பால்யத்தில் இந்நோய் என்றாலே வீட்டில் அழுகை எழுந்துவிடும். இன்று குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிகிச்சை முன்னேறியிருக்கிறது. ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கிறது. கால் முறிந்தவர்கள் சில தினங்களில் போய்விடுகிறார்கள். இந்தக் குழந்தைகளோ தங்கள் பால்யத்தின் ஒரு பெரும் பகுதியை டிரிப்ஸ் ஸ்டாண்டோடு கழிக்கிறார்கள். சித்திரமும் கதையும் விளையாட்டும் அவர்களுக்கு வேண்டுமா என்று கேட்பது, அந்த ஆண்டுகளில் அவர்களுக்குப் பால்யம் வேண்டுமா என்று கேட்பதே ஆகும்.

இவற்றுக்காக நாங்கள் உபயோகிக்கும் இடம் முன்பு பழைய கட்டில்களைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை. அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: அங்கே எவரும் ஊசி போடக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. வியன்னாவிலே பிறந்து மான்டிஸோரி முறையில் பயின்ற எம்மா பிளாங்க் என்னும் அம்மையார், 1955 முதல் அமெரிக்காவில் கிளீவ்லாண்டு நகரத்து ஆஸ்பத்திரியில் நோயுற்ற குழந்தைகளுக்கு விளையாட்டையும் கல்வியையும் ஒழுங்காக ஏற்படுத்தி, அந்த அனுபவத்தை 1962-இல் புத்தகமாகவும் எழுதினார். அவரைப் போன்றோர் தொடங்கிய மரபு இன்று பல தேசங்களில் தனி உத்தியோகமாகவே வளர்ந்திருக்கிறது; விளையாட்டறையில் வலி நுழையலாகாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. மான்டிஸோரி அம்மையாரே யுத்த காலத்தில் சென்னை அடையாற்றிலும் கோடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவருடைய மாணவியின் கருத்து ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நம்மிடம் வந்துசேர இவ்வளவு காலம் ஆயிற்றே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வாசலில் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்குப் பிறர் தொட்ட பொம்மையால் நோய் தொற்றும் ஆகையால், துணிப் பொம்மைகளை வைத்துக்கொள்வதில்லை. கழுவித் துடைக்கக் கூடியவை மட்டுமே. கிரேயான் டப்பா ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொரு சிறு விஷயம். வென்ஃப்ளான் என்னும் ஊசிக்குழாயைக் கையில் போடுவதற்கு முன், "நீ எந்தக் கையால எழுதுவ தங்கம்?" என்று கேட்டு, மற்றக் கையில் போடுகிற நர்ஸ் ஒருவர் அங்கே இருக்கிறார். அந்த ஒரு கேள்வியினால் குழந்தையின் சித்திரம் வரையும் கை அதற்கே மிஞ்சுகிறது. அவரைப் பார்த்து இப்பொழுது மற்ற நர்ஸுகளும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் அவிநாசிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, பொம்மைக்கு ஊசி போடும் விளையாட்டில் டாக்டராக இருந்தாள். மருந்து இல்லாத வெறும் ஸிரிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு, பொம்மையிடம், "கொஞ்ச நேரம் வலிக்கும், பொய் சொல்லமாட்டேன், அப்பறம் சரியாப் போயிரும்" என்றாள். பக்கத்தில் நின்ற டாக்டர் அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, வலிக்கவே வலிக்காது என்று குழந்தைகளிடம் சொல்லும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். குழந்தை விளையாடும்பொழுது பெரியவர்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

கலைக்கு நோயாளியோடு உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடித்ததன்று. ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர், 1938-இல் காசநோய்ச் சானடோரியம் ஒன்றில் படுத்திருந்தபொழுது, படுக்கையிலிருந்தபடியே வரைந்து தம்மைத் தேற்றிக்கொண்டு, பிறகு பிற நோயாளிகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். சித்திர சிகிச்சை என்ற பெயரையே 1942-இல் அவர்தாம் வழக்கில் கொண்டுவந்தார். 1978-இல் இங்கிலாந்தில் கார்ஷால்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரேடியோ லாலிபாப் என்ற பெயரில் ஒரு வானொலி ஏற்பட்டது. தொண்டர்கள் மாலை வேளைகளில் வார்டுக்கு வந்து விளையாடுவார்கள், குழந்தைகள் தாங்களே பேசிப் பாடி ஒலிபரப்புவார்கள். நம் நாட்டிலும் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் லிட்டில் தியேட்டர் குழுவினர் கோமாளி வேஷம் பூண்டு, கட்டில் கட்டிலாகச் சென்று குழந்தைகளைச் சிரிக்க வைத்துவருகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில், ஏழைக் குழந்தைகளுக்கு நடுவில், பயிற்சி பெற்ற கலைஞர்கள் முறையாகச் செய்யும் தொண்டு என்பதால் அதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

எங்கள் அறையில் கோமாளி இல்லை, வானொலி உண்டு. பழைய ஸ்பீக்கர் ஒன்றை வார்டில் மாட்டி, அதற்குக் குழந்தைகளே நிகழ்ச்சி தயாரிக்கிறார்கள். வானிலை அறிக்கை வாசிப்பவன் திருப்பூர்ப் பையன். தன் வீட்டார் போனில் சொல்லும் மழையைத்தான் வாசிப்பான். பத்தாவது கட்டிலுக்கு இன்று பிறந்த நாள், மூன்றாவது கட்டிலுக்கு இன்று ஆட்டுக்கால் சூப்புக் கிடைக்கும் என்பவையெல்லாம் செய்திகள். தனி அறையில் அடைபட்டு, கண்ணாடி வழியாக மட்டும் வெளியே பார்க்க முடிந்த குழந்தை ஒன்று, போன் மூலமாகக் கதை சொல்லிற்று; வார்டு முழுவதும் கேட்டது. ஆட்டுக்குட்டி ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, இங்கே புல் இல்லை என்று புகார் கொடுக்கும் கதை அது.

இன்று ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு செல்போன் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இராப்பகலாகக் கண் விழித்த தாய் அதைக் குழந்தையின் கையில் கொடுப்பதை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். அவளுக்கும் அரை மணித் தூக்கம் வேண்டும். ஆயினும் அந்தத் திரையில் ஓடுவது ராஜாவும் பாதித் தோட்டமும்தான். குழந்தை பார்க்கிறது, அழுகையை நிறுத்துகிறது, அவ்வளவே. அதே செல்போனைக் களிமண் உருண்டைகளுக்கு மேல் நிறுத்தி, உருண்டையை ஒரு நூல் அளவு நகர்த்தி ஒரு படம், இன்னொரு நூல் அளவு நகர்த்தி இன்னொரு படம் என்று எடுக்கக் கற்றுக்கொடுத்தால், மாலைக்குள் ஒரு புழு ஊர்ந்துவிடுகிறது; "நான் ஊர வெச்சேன்" என்று சொல்லும் குரலில் இருக்கும் பெருமை முன்னதில் வருவதில்லை. ஊசியும் மருந்தும் சோதனையும் தன்மேல் நடந்துகொண்டே இருக்கிற குழந்தைக்கு, தான் நடத்தும் காரியம் ஒன்றாவது நாளில் இருக்க வேண்டும். இதை என் வாழ்நாளின் திடமான அபிப்பிராயமாகவே சொல்கிறேன்.

ஆனால் சனிக்கிழமை வாத்தியாரைக் கொண்டு இது நிலைக்காது. கலைக் கல்லூரி மாணவர்கள் உற்சாகமாக வருகிறார்கள். பரீட்சை வந்தால் நின்றுவிடுகிறார்கள். ஆகவே சென்ற மாதம் நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் நோயாளிக்குத் துணை நிற்கின்றன என்று 2019-இல் வெளியிட்ட அறிக்கையைக் குறிப்பிட்டேன். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் நிறைவேற்றி, இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டையும் கலையையும் குழந்தையின் உரிமை என்றே சொல்வதையும் எழுதினேன். கேட்டவை அதிகமில்லை: சம்பளத்தோடு ஓர் ஆசிரியர், பூட்டு உள்ள ஓர் அலமாரி, உயரம் குறைந்த மேசைகள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக விட்டத்தில் படம் காட்ட ஒரு புரொஜெக்டர். தாய்மார்கள் கையொப்பமிட்டார்கள், எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். வார்டில் அதை உரக்க வாசித்துக் காட்டியபொழுது, குழந்தைகள் இன்னொரு கோரிக்கையையும் சேர்க்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதில்லை, சோதனைகள் இல்லை, வாரத்திலேயே மிக நீளமான நாள் அது. ஆகையால் அறையை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அதையே முதல் கோரிக்கையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.